நரம்புச் சந்தி நெகிழ்வதில்லை, குழைகிறது

'மூளையின் நெகிழித்தன்மை', 'சினாப்டிக் நெகிழித்தன்மை'. மருத்துவக் கட்டுரைகளிலும் காணொளிகளிலும் இந்தத் தொடர் ஓயாமல் வருகிறது. மூளையும், நரம்பணுக்கள் ஒன்றையொன்று சந்திக்கும் நரம்புச் சந்திகளும் (சினாப்ஸ்) பழக்கத்துக்கு ஏற்ப மாறுவதை ஆங்கிலத்தில் பிளாஸ்டிசிட்டி என்கிறார்கள். அதற்குப் போட்ட தமிழ் இது. தவறான தமிழ்.

மூலம் எளிது. கிரேக்கத்தில் 'பிளாசெய்ன்' என்றால் களிமண்ணைப் போன்ற ஒன்றைப் பிடித்து உருச்செய்தல். 'பிளாஸ்டிகோஸ்' என்றால் அப்படி உருச்செய்ய இடங்கொடுப்பது. பழக்கம் எப்படி மூளையில் படிகிறது என்று விளக்க அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890-இல் இந்தச் சொல்லை எடுத்தாண்டார். அன்று கடைகளில் பிளாஸ்டிக் பை கிடையாது. பொருளுக்குப் பெயர் வந்தது பிற்பாடு.

நெகிழி என்ற ஆக்கம் அந்தப் பொருளுக்காகப் பிறந்தது. பைக்கும் குடத்துக்கும் அது இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் பொருளின் பெயரோடு 'தன்மை'யை ஒட்டி நரம்பணுவுக்குச் சூட்டினால், மூளை பாலித்தீனால் ஆனது என்றுதான் பள்ளிப் பிள்ளைக்குத் தோன்றும்.

அதைவிடப் பெரிய கோளாறு வேரில் இருக்கிறது. நெகிழ் என்றால் தமிழில் தளர், கழல், இளகு. பிரிவில் மெலிந்த தலைவியின் வளை நெகிழும். கட்டு நெகிழும். மனம் நெகிழும். எல்லாவற்றிலும் பிடி விடுவதே பொருள். நரம்புச் சந்தியில் நடப்பதோடு இதை வைத்துப் பார்க்கலாம்.

சந்தியில் இரண்டு நரம்பணுக்களுக்கு நடுவே உள்ள இடைவெளி ஏறத்தாழ 20 நானோமீட்டர். செய்தியை அனுப்பும் முன்னணு, குளூட்டமேட் என்ற வேதிப்பொருளை வெளியிடுகிறது. எதிர்ப்புறம், செய்தியைப் பெறும் பின்னணுவில், அதை வாங்க ஏற்பி (ரிசெப்டர்) என்ற புரதங்களில் இரு வகை, ஆம்பா ஏற்பியும் என்எம்டிஏ ஏற்பியும், அருகருகே நிற்கின்றன. ஆம்பா உடனே திறந்து சோடியத்தை உள்ளே விடும். என்எம்டிஏ அப்படியல்ல. அணு ஓய்வில், சுமார் −70 மில்லிவோல்ட்டில் இருக்கும்போது அதன் துளையை மக்னீசிய அயனி அடைத்துக்கொண்டிருக்கும். குளூட்டமேட் வந்து ஒட்டினாலும், கூடவே துணை மூலக்கூறான கிளைசீனோ டி-செரினோ ஒட்டியிருந்தாலும், அடைப்பு போகாது. ஆம்பா வழியாகச் சோடியம் புகுந்து மின்னழுத்தம் மாறினால்தான் மக்னீசியம் விலகும், கால்சியம் உள்ளே வரும். முன்னணுவும் பின்னணுவும் ஒரே நேரத்தில் செயல்பட்டால் மட்டுமே திறக்கும் கதவு அது.

கால்சியம் வேகமாக, நிறைய வந்தால் சிஏஎம்கே-2 என்ற நொதி முடுக்கப்பட்டு ஆம்பா ஏற்பிகள் கூடுதலாகச் சந்திக்கு வந்து சேரும். சந்தி வலுக்கும். ஆய்வகத்தில் விநாடிக்கு 100 மின்துடிப்பு வீதம் ஒரு விநாடி கொடுப்பது இதற்கு வழக்கமான முறை. முயல் மூளையில் இந்த வலு பல மணி நேரம் நிலைப்பதை ஆய்வாளர்கள் பிளிஸ்ஸும் லோமோவும் 1973-இல் வெளியிட்டார்கள். மாறாக, விநாடிக்கு ஒரு துடிப்பு வீதம் 900 துடிப்பு கொடுத்தால் கால்சியம் கொஞ்சமாக, மெதுவாகக் கசியும். பாஸ்பேட்டேஸ் நொதிகள் மேலோங்கி, ஆம்பா ஏற்பிகள் அணுவுக்குள் திரும்ப இழுக்கப்படும். சந்தி தளரும்.

இரண்டும் சேர்ந்ததுதான் பிளாஸ்டிசிட்டி. நெகிழ்வு என்ற சொல் இரண்டாவது பாதிக்கு மட்டும் பொருந்துகிறது. வலுப்பதை 'நெகிழ்கிறது' என்று எழுதுவது நேர் எதிர்ப்பொருள்.

'நெகிழ்வு என்றால் வளைந்துகொடுத்தல்தானே' என்று சிலர் வாதாடுகிறார்கள். வளைத்த மூங்கிலை விட்டால் பழையபடி நிமிரும். அதற்கு மீட்சி என்று நல்ல சொல் பாடநூலிலேயே உண்டு. இங்கே செய்தியே மீளாமைதான். துடிப்பை நிறுத்திய பிறகும் மாற்றம் நிற்கிறது. நிற்காவிட்டால் நினைவு ஏது? அந்த மாற்றம் நெடுநேரம் நிலைக்கப் புதிய புரதமே உற்பத்தியாக வேண்டியிருக்கிறது.

ஆகவே பிளாஸ்டிசிட்டிக்குச் சரியான சொல் குழைமை. மண்ணைக் குழைத்தால் கை கொடுத்த வடிவத்தில் அது நிற்கும், மீண்டும் கை வைத்தால் மாறும். சந்தனம், சுண்ணாம்பு, மண் எல்லாவற்றுக்கும் குழைத்தல் உண்டு. பாலக்காட்டுப் பக்கம், கொழிஞ்சாம்பாறை, சித்தூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தமிழ்நாட்டில் சப்பாத்தி மாவு பிசைகிறார்கள். மலையாளத்தில் மாவு குழைக்கிறார்கள். நாள்தோறும் காதில் விழும் வினை. 'சோறு குழைந்துவிட்டது என்றால் கெட்டுப்போனது என்றல்லவா பொருள்' என்ற மறுப்பு வரும். வெந்து மசிந்ததைத்தான் அப்படிச் சொல்கிறோம். அங்கும் பொருள் உருவம் பற்றியதே, பிடி தளர்வது பற்றியதல்ல.

ஏற்பி பற்றியும் ஒரு வார்த்தை. ரிசெப்டர் என்பதை 'உணர்வி' என்று எழுதுகிறவர்கள் சென்சாருக்கு என்ன சொல் வைத்திருக்கிறார்கள்? என்எம்டிஏ எதையும் உணர்வதில்லை, ஒட்டும் மூலக்கூறை ஏற்கிறது. மலையாளப் பாடநூலின் 'கிராஹி'யும் கொள்வது என்றே பொருள்படும். எல்லைப் பள்ளியில் தமிழ்வழி படித்துவிட்டு மலையாளத்தில் தொடரும் பிள்ளைக்கு ஏற்பி, கிராஹி இரண்டும் ஒரே படத்தைக் காட்டும். உணர்வி வேறொரு படத்தைக் காட்டிக் குழப்பும்.

அகராதியில் முதலில் கிடைத்ததை எடுத்து ஒட்டுவது மொழிபெயர்ப்பாகாது. குளூட்டமேட், ஆம்பா போன்ற பெயர்களை அப்படியே எழுதலாம், அவை பெயர்கள். வினையிலிருந்து வந்த சொல்லுக்குத் தமிழ் வினையைத் தேட வேண்டும். தேடினால் வாக்கியம் இப்படி அமையும்: 'என்எம்டிஏ ஏற்பி வழியே புகும் கால்சியத்தின் அளவும் வேகமும் நரம்புச் சந்தியின் குழைமை எத்திசையில் செல்லும் என்பதைத் தீர்மானிக்கின்றன.'