மூலிகை நிஜமாவே நீர் பிரிய வைக்குதா, எப்படி டெஸ்ட் பண்றாங்க?

நெருஞ்சில் கஷாயம் குடிச்சா நீர் நல்லா பிரியும்னு காலங்காலமா சொல்றாங்க, ஆனா அதே அளவு வெறும் தண்ணி குடிச்சாலும் நீர் பிரியத்தானே செய்யும், அப்ப இது மூலிகையோட வேலையா தண்ணியோட வேலையா? இதைப் பிரிச்சுப் பாக்க 1943ல லிப்ஷிட்ஸ் குழு ஒரு முறைய வெளியிட்டாங்க, இன்னைக்கும் நெறைய லேப்ல அதைத்தான் கொஞ்சம் மாத்தி செய்றாங்க.

எலிகளை ராத்திரி பூரா பட்டினி போட்டு, எல்லாத்துக்கும் எடைக்கேத்த மாதிரி ஒரே அளவு சலைன், அதாவது உப்புத்தண்ணி குடுப்பாங்க, பொதுவா கிலோவுக்கு 25 மில்லி. ஒரு குரூப்புக்கு அது மட்டும், இன்னொண்ணுக்கு கூடவே மூலிகைச் சாறு, மூணாவதுக்கு ஃபியூரோசமைடு மாதிரி நீர் பிரிய வைக்கும்னு ஏற்கனவே தெரிஞ்ச மருந்து. சிறுநீர் தனியா புழுக்கை தனியா விழற கூண்டுல 5 மணி நேரமோ 24 மணி நேரமோ வச்சு அளப்பாங்க.

ஆனா எத்தனை மில்லி வந்துச்சுங்கறது பாதிக் கதைதான். நம்ம கிட்னி ஒரு நாளைக்கு சுமார் 180 லிட்டர் வடிகட்டி அதுல 99 சதவீதத்த திரும்ப உள்ள இழுத்துக்குது, அதனால அந்த இழுக்கற வேலைய லேசா தடுத்தாலே சிறுநீர் எக்கச்சக்கமா கூடிடும். ஃபியூரோசமைடு உப்பை திரும்ப இழுக்க விடாது, உப்பு வெளிய போறப்போ தண்ணியும் கூடவே போயிடும், பொட்டாசியமும் சேந்து போகும். அதனாலதான் சிறுநீர்ல சோடியம், பொட்டாசியம், குளோரைடு மூணையும் அளக்கறாங்க.

இங்க ஒரு சிக்கல் இருக்கு, நெறைய பேர் இதைக் கவனிக்கறதே இல்ல. பல செடிகள்ல பொட்டாசியம் உப்பே நெறைய இருக்கு, அந்த உப்பு மட்டுமே நீரைக் கூட்டலாம். சாறுல எவ்ளோ பொட்டாசியம் இருக்குன்னு அளந்து, அதே அளவ தனியா ஒரு குரூப்புக்கு குடுத்துப் பாத்தாதான் செடில வேற சரக்கு இருக்கான்னு தெரியும். என்னைக் கேட்டா இந்த குரூப் இல்லாத ரிசல்ட்ட முழுசா நம்ப மாட்டேன். கிட்னி பலவீனமானவங்களுக்கு பொட்டாசியம் ஏறினா இதயத்துடிப்பே தடுமாறும், அதனால இது சின்ன விஷயம் இல்ல.

அப்புறம் டோஸ். 2003ல வந்த ஒரு எலி ஆய்வுல நெருஞ்சில் சாறு நல்லா வேலை செஞ்சுது, ஃபியூரோசமைட விட கொஞ்சம் கூடவே. ஆனா குடுத்தது கிலோவுக்கு 5 கிராம். எலி டோஸ 6.2 ஆல வகுத்து மனுசனுக்கு மாத்தறது வழக்கம், அப்படிப் பாத்தா 60 கிலோ ஆளுக்கு 48 கிராம் சாறு வேணும், அதுவும் தண்ணிய வத்த வச்சு எடுத்த கெட்டிச் சாறு!