சொல் விளக்கம்: இக்னிஷன் டைமிங் – பற்றவைப்பு நேரம்

பழைய பெட்ரோல் லாரி ஏற்றத்தில் இழுக்க மறுத்தால் மெக்கானிக் முதலில் சந்தேகப்படுவது டைமிங்கைத்தான். முழுப்பெயர் இக்னிஷன் டைமிங், அதாவது பிளக்கில் பொறி விழும் நேரம். 'இக்னிஸ்' என்றால் லத்தீனில் நெருப்பு. வடமொழியின் அக்னியும் அதுவும் ஒரே வேரில் கிளைத்தவை. நாம் 'அக்கினி' என்று எழுதுகிறோமே, அதன் தூரத்து உறவுதான் வண்டியில் சாவி போடும் இடத்தின் பெயர்.

தமிழில் எரிபற்றல், தீமூட்டல், பற்றவைப்பு என்று பல சொற்கள் உண்டு. எதை எழுதினாலும் ஒன்றுதான் என்று விட்டுவிட முடியாது. பற்றுவது வேறு, பற்றவைப்பது வேறு. ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறது. தமிழ் தன்வினை, பிறவினை என்று பிரித்துக் காட்டுகிறது. டீசல் எஞ்சினில், அழுத்தத்தால் கொதிக்கும் காற்றுக்குள் பீய்ச்சப்படும் எரிபொருள் தானே பற்றுகிறது. அங்கே எரிபற்றல் பொருந்தும். பெட்ரோல் எஞ்சினில் பிளக்கின் பொறி பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவையைப் பற்றவைக்கிறது. ஆகவே நம் லாரிக்குப் பற்றவைப்பு என்பதே சரி.

இந்த வேறுபாடு இலக்கணத்தோடு நிற்பதில்லை. பொறி மிகவும் முந்திவிட்டால் சிலிண்டருக்குள் அழுத்தமும் சூடும் எகிறுகின்றன. சுடர் வந்து சேருமுன்பே, ஓரத்தில் மிஞ்சிய கலவை தானாகப் பற்றிக்கொள்கிறது. பாரத்தோடு ஏறும்போது கேட்கும் உலோகத் தட்டல் ஓசை அதுதான்: பற்றவைக்க வேண்டிய எஞ்சினுக்குள் பற்றுதல் நடக்கிறது. சாவியை அணைத்த பிறகும் எஞ்சின் குலுங்கிக்கொண்டே ஓடினால், பொறி நின்றும் உள்ளே கனன்றுகொண்டிருக்கும் கரிப்படிவு கலவையைக் கொளுத்துகிறதா என்று பார்க்க வேண்டும்.

இனி 'டைமிங்'. நேரம் என்றே சொல்லலாம், ஆனால் அளப்பது நொடியில் அல்ல, கோணத்தில். பிஸ்டன் உச்சிக்கு வர, அதன் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க் தண்டு இன்னும் எத்தனை பாகை சுழல வேண்டியிருக்கும்போது பொறி விழுகிறது என்பதே கணக்கு. நிமிடத்துக்கு 600 சுற்றில் ஒரு மில்லிநொடிக்கு கிராங்க் 3.6 பாகை திரும்பும். 3,000 சுற்றில் 18 பாகை. கலவை எரியும் நேரமோ அதே வீதத்தில் குறைவதில்லை. வேகம் கூடக்கூடப் பொறியும் முந்தியாக வேண்டும். பொறிக்கான மின்சாரத்தை ஒவ்வொரு பிளக்குக்கும் முறைவைத்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் சிறு எடைகளும் ஸ்பிரிங்குகளும் அந்த வேலையைச் செய்கின்றன. ஸ்பிரிங் தளர்ந்தால் அளவுக்கு மீறி முந்தும், எடை துருப்பிடித்து இறுகினால் முந்தவே முந்தாது.

இந்த இரண்டு நிலைகளுக்கும் முந்தல், பிந்தல் என்ற சொற்களே போதும். ஆங்கிலத்தின் 'அட்வான்ஸ்' என்பதை முன்னேற்றம் என்று எழுதினால் ஏதோ நன்மை போன்ற தொனி வந்துவிடுகிறது. அதிக முந்தல் பிஸ்டனையே ஓட்டையாக்கும். பிந்தினால் இழுவை குறையும், எஞ்சின் சூடேறும், பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும்.

சரிசெய்யும்போது வரிசை முக்கியம். முதலில் பாயிண்ட் இடைவெளி, பிறகுதான் டைமிங். பாயிண்ட் என்பது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் மின்தொடர்பு; அது திறக்கும் கணத்தில்தான் பொறி விழும். இடைவெளி அகன்றால் பாயிண்ட் சீக்கிரமே திறந்து பொறி முந்திவிடும். வரிசையை மாற்றிச் செய்தால் வைத்த டைமிங் கலைந்துபோகும். அடுத்து, எஞ்சினின் உறிஞ்சலால் டைமிங்கை மாற்றும் வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, எஞ்சினைத் தணிந்த வேகத்தில் ஓடவிட்டு, முதல் சிலிண்டரின் பிளக் வயரில், பொறி விழும்போதெல்லாம் மின்னும் டைமிங் லைட்டை மாட்டி, கிராங்கோடு சுழலும் குறியைப் பார்க்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழன்று மின்சாரத்தைப் பங்கிடும் ரோட்டாரின் திசைக்கு எதிராக டிஸ்ட்ரிபியூட்டர் உடலைத் திருப்பினால் முந்தும். ரோட்டார் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால், இங்கே ஒரு பாகை திருப்பினால் அங்கே இரண்டு பாகை மாறும். எத்தனை பாகையில் நிறுத்துவது என்பதை அந்த எஞ்சினைத் தயாரித்தவர் கொடுத்த அளவுதான் சொல்ல வேண்டும், காது அல்ல.

டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி மாட்டிய பிறகு வண்டி கிளம்பாமல் கார்புரேட்டர் வழியாக வெடித்தால், டிஸ்ட்ரிபியூட்டர் அரைச்சுற்று மாறி உட்கார்ந்திருக்கலாம். முதல் பிளக்கைக் கழற்றித் துளையை விரலால் மூடிக்கொண்டு எஞ்சினைக் கையால் சுற்றினால், அழுத்த வீச்சில், அதாவது பிஸ்டன் மேலேறி அழுத்தும் கட்டத்தில், காற்று விரலைத் தள்ளும். பிஸ்டன் அந்த வீச்சின் உச்சியை நெருங்கும்போது ரோட்டார் முதல் சிலிண்டரின் வயரை நோக்கி நிற்க வேண்டும்.

கிராங்கையும், வால்வுகளை இயக்கும் கேம் தண்டையும் இணைக்கும் 'டைமிங் செயின்' என்பதில் வரும் டைமிங் வேறு. அது வால்வு திறந்து மூடும் நேரம். ஆனால் டிஸ்ட்ரிபியூட்டர் கேம் தண்டிலிருந்து ஓட்டம் பெறும் எஞ்சினில் ஒன்று மற்றொன்றைக் கெடுக்கும். டைமிங் லைட்டில் குறி ஓரிடத்தில் நிற்காமல் அலைந்தால், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி ரோட்டாரைப் பார்த்தபடியே கிராங்கை முன்னும் பின்னும் திருப்புங்கள். கிராங்க் பல பாகை நகர்ந்த பின்பே ரோட்டார் அசைந்தால் செயின் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அதை மாற்றாமல் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பிக்கொண்டிருப்பதில் பயனில்லை.