பக்கத்து அறைப் புகை எந்த வழியாக வருகிறது? ஏற்காட்டு விடுதியும் சொகுசுக் கப்பலும்

மார்கழியில் ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் அறைக்குள் நுழைந்ததும் முதலில் ஜன்னலைச் சாத்துகிறார்கள். சேலத்தில் மின்விசிறியின் கீழ் உட்கார்ந்திருந்தவர்களுக்கு, இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி 1,500 மீட்டர் உயரத்துக்கு வந்ததும் கம்பளி தேவைப்படுகிறது. கதவு, ஜன்னல், திரைச்சீலை எல்லாம் மூடியாகிவிட்டது. நள்ளிரவில் அறைக்குள் சிகரெட் நாற்றம். அறையில் யாருக்கும் அந்தப் பழக்கம் இல்லை. வரவேற்பறைக்குப் போன் செய்தால், "பையனை அனுப்பி ரூம் ஸ்பிரே அடிக்கச் சொல்கிறேன் சார்" என்பார்கள். அதன்பின் மல்லிகையும் சிகரெட்டும் கலந்த ஏதோ ஒன்றை விடியும்வரை சுவாசிக்க வேண்டும்.

2023இல் சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கைக்குச் சொகுசுக் கப்பல் புறப்பட்டதிலிருந்து, ஏற்காடு, ஊட்டி என்று விசாரித்துக்கொண்டிருந்த குடும்பங்கள் கப்பலையும் விசாரிக்கின்றன. சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் போய் அங்கிருந்து கப்பல் ஏறுகிறவர்களும் இருக்கிறார்கள். உணவு பற்றியும் அலைகள் பற்றியும் கேட்பவர்கள் புகையைப் பற்றிக் கேட்பதில்லை. காற்றோட்டத்தைப் பொறுத்தவரை கப்பல் கேபினும் மலை விடுதி அறையும் நெருங்கிய சொந்தம். இரண்டும் சிறியவை, பெரும்பாலும் மூடியே கிடப்பவை, அடுத்தவரோடு சுவரைப் பகிர்ந்துகொள்பவை.

முதலில், புகை எங்கே பிறக்கிறது என்று பார்ப்போம். சிகரெட்டை இழுக்கும் நொடியில் அதன் நுனி சுமார் 900 டிகிரி செல்சியஸ் வரை சூடேறுகிறது. ஓர் இழுப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே, விரலிடுக்கில் சும்மா கனலும்போது, வெப்பம் 600 டிகிரி அளவுக்கு இறங்கிவிடுகிறது. அருகிலிருப்பவர் சுவாசிக்கும் புகையில் பெரும்பகுதி, ஏறக்குறைய 85 சதவீதம், இப்படிச் சும்மா கனலும் நுனியிலிருந்து வருவது. புகைப்பவர் ஊதித் தள்ளுவது மீதிதான். குறைந்த வெப்பத்தில் அரைகுறையாக எரிவதால், ஒவ்வொரு கிராம் புகையிலைக்கும் அம்மோனியா, புற்றுநோய் உண்டாக்கும் நைட்ரோசமீன் போன்றவை நுனிப் புகையில் கூடுதலாக இருக்கின்றன. புகைப்பவருக்காவது பஞ்சு வடிகட்டி என்று ஒன்று இருக்கிறது. பக்கத்தில் இருப்பவருக்கு அதுவும் இல்லை.

இந்தப் புகை வாயுவும் நுண்துகளும் கலந்தது. துகள்கள் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் குறைவான அளவுள்ளவை. தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். இவ்வளவு சிறிய துகள் தூசியைப் போலத் தரையில் படிவதில்லை. அசையாத காற்றில் அது ஒரு மணி நேரத்துக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான் இறங்கும். பத்தடி உயரக் கூரையிலிருந்து தரைக்கு வர ஒரு வாரம்கூட ஆகலாம். ஆகவே காற்று எங்கே போகிறதோ அங்கே இதுவும் போகும். கதவுக்கடி இடுக்கு, சுவருக்கு இருபுறமும் பொதுவான சுவிட்ச் பெட்டி, பொய்க்கூரையின் மேலே உள்ள வெற்றிடம், தண்ணீர்க் குழாய் சுவரைத் துளைத்துப் போகும் ஓட்டை எல்லாம் இதற்கு வாசல்தான்.

எவ்வளவு சேர்கிறது என்பதைக் காகிதத்திலேயே கணக்குப் போடலாம். ஒரு சிகரெட் சுமார் 10 மில்லிகிராம் நுண்துகளைக் காற்றில் விடுகிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, பத்தடி உயரம் என்றால் 34 கன மீட்டர். மூடிய அந்த அறையில் துகள் சமமாகப் பரவினால் ஒரு கன மீட்டருக்கு 300 மைக்ரோகிராம் அளவில் வரும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த 24 மணி நேர வரம்பு 15 மைக்ரோகிராம். நம் நாட்டு வரம்பு 60. ஒன்று நாள் முழுவதற்குமான சராசரி, மற்றது சில நிமிட உச்சம் என்பதால் இரண்டையும் நேராக ஒப்பிடக் கூடாதுதான். ஆனாலும் ஒரே ஒரு சிகரெட் எந்த அளவில் விளையாடுகிறது என்பது விளங்கும். கப்பலில் சாதாரண கேபின் 170 சதுர அடி, கூரை ஏழடிக்குச் சற்று உயரம். கன அளவு ஏறத்தாழ இதேதான்.

சேர்ந்தது எப்போது போகும்? அறையின் மொத்தக் காற்றுக்கு நிகரான புதுக்காற்று ஒரு மணி நேரத்தில் உள்ளே வந்தால், அந்த மணி நேர முடிவில் புகையில் 37 சதவீதம் இன்னும் மிச்சமிருக்கும். வரும் காற்று பழைய காற்றைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காருவதில்லை, அதோடு கலந்துதான் வெளியேறுகிறது. 95 சதவீதம் போக மூன்று மணி நேரம் வேண்டும். ஜன்னலை இறுகச் சாத்திய அறையில் இந்த வேகம் பாதியாகவோ அதற்கும் குறைவாகவோ இருக்கும். அப்போது ஆறு மணி நேரம். நள்ளிரவுச் சிகரெட் காலைக் காபி வரை அறையில் இருப்பதன் கணக்கு இது.

இனி அழுத்தம். காற்று, அழுத்தம் கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் போகும். பலரும் வினையை வீட்டுக்குள் அழைப்பது இந்த இடத்தில்தான். புகை நாற்றம் வந்ததும் குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுகிறார்கள். சாதாரண ஆறங்குல ஃபேன், தடையில்லாவிட்டால், மணிக்கு 200 கன மீட்டர் அளவுக்குக் காற்றை வெளியே தள்ளும். வெளியே போன காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வந்தாக வேண்டும். ஜன்னல் மூடியிருப்பதால் அது நடைபாதையிலிருந்து, கதவுக்கடியில் நுழைந்து வருகிறது. நடைபாதைக்கு எங்கிருந்து வருகிறது? புகைத்துக்கொண்டிருக்கிறவரின் அறையிலிருந்தும்தான். ஃபேன் சுழலச் சுழல, பக்கத்து அறைப் புகையை நாமே உறிஞ்சிக்கொண்டிருக்கிறோம். ஜன்னலை இரண்டு விரல் அளவு திறந்து, கதவுக்கடியில் ஈரத் துண்டைச் சுருட்டி வைத்துவிட்டுப் பிறகு ஃபேனைப் போட்டால், அதே ஃபேன் நமக்கு வேலை செய்யும். குளிரும், வேறு வழியில்லை.

மலைச்சரிவில் கட்டிய விடுதிகளில் இன்னொரு விசையும் உண்டு. குளிர்காலத்தில் கட்டடத்துக்குள் இருக்கும் காற்று வெளிக்காற்றைவிட வெதுவெதுப்பானது, ஆகவே இலேசானது. அது மாடிப்படிக்கட்டு வழியாக மேலேறி மேல்தள இடுக்குகளில் வெளியேறும். அதற்கு ஈடாகக் கீழ்த்தளம் குளிர்ந்த காற்றை உள்ளே இழுக்கும். எனவே டிசம்பர் இரவில் கீழ்த்தளத்தில் பற்றவைத்த சிகரெட் மேல்தளத்துக்குப் போகும், மேல்தளத்துப் புகை கீழே வருவது அரிது. கத்திரி வெயிலில், முழுக்கக் குளிரூட்டிய சேலத்துக் கட்டடத்தில் திசை தலைகீழாகும்: உள்ளே கனத்த குளிர்காற்று, அது கீழிறங்கும். அந்த இழுவை இதைவிடப் பலவீனமானதுதான், ஆனால் இருக்கிறது.

ஏசியைப் பற்றி இரண்டு வாக்கியம் போதும். நம் அறைகளில் மாட்டியிருக்கும் ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை, அறைக்காற்றையே எடுத்துக் குளிரவைத்துத் திருப்பித் தருகிறது. அதன் வலை தூசியைப் பிடிக்கும், சிகரெட் துகளையும் வாயுவையும் பிடிக்காது. ரூம் ஸ்பிரே எதையுமே எடுப்பதில்லை, மூக்கைத்தான் ஏமாற்றுகிறது.

கப்பலுக்கு வருவோம். அங்கே கேபின் குளியலறைகளில் காற்றை உறிஞ்சும் குழாய் பொதுவாக இரவும் பகலும் இயங்கிக்கொண்டே இருக்கும்; நிறுத்தும் சுவிட்ச் பயணியின் கையில் இல்லை. நடுவே பல தளங்களைத் துளைத்துக்கொண்டு உயரும் அலங்காரக் கூடம் காற்றுக்குப் புகைக்கூண்டு. பல கப்பல்களில் கேசினோவில் இன்னும் புகைக்கலாம். அதற்குத் தனிக் காற்றோட்டம் வைக்க முடியும். ஆனால் அதைச் சுற்றி நான்கு சுவரும் கதவும் வைக்கப் பெரும்பாலான கம்பெனிகளுக்கு மனம் வருவதில்லை. நடந்து போகிறவர் விளக்கொளியைப் பார்த்து உள்ளே திரும்ப வேண்டுமே. கதவில்லாத இடத்தில் "இந்தப் பாதி புகைப்பவர்களுக்கு, அந்தப் பாதி மற்றவர்களுக்கு" என்பது குழம்பில் ஒரு பக்கம் மட்டும் உப்புப் போடுவதற்குச் சமம். 2006இல் அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை இதையே சொன்னது: இடம் பிரிப்பதும், காற்றைச் சுத்திகரிப்பதும், காற்றோட்டத்தைக் கூட்டுவதும் ஒரே கட்டடத்துக்குள் இருப்பவர்களை முழுமையாகக் காக்காது.

பால்கனி திறந்தவெளிதானே என்று தோன்றும். கப்பல் மணிக்கு 20 கடல் மைல் வேகத்தில், அதாவது 37 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, காற்று பக்கவாட்டில் முன்பிருந்து பின்னோக்கி ஓடுகிறது. ஆனால் பால்கனி ஒரு குழிவு. ஓடும் காற்று குழிவைத் தாண்டும்போது உள்ளே சுழல் உண்டாகும். புகை அந்தச் சுழலில் மாட்டி, தடுப்புப் பலகையின் இடுக்கு வழியாக அடுத்த பால்கனிக்கும் மேல்தளத்துப் பால்கனிக்கும் போகிறது. அங்கே கதவு திறந்திருந்தால், ஓயாமல் உறிஞ்சும் குளியலறைக் குழாய் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

பால்கனிச் சிகரெட்டுக்கு இன்னொரு முகமும் உண்டு. 2006 மார்ச் 23 விடியற்காலையில் ஜமைக்காவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த 'ஸ்டார் பிரின்சஸ்' கப்பலின் பால்கனி ஒன்றில் தீப்பிடித்தது. பிளாஸ்டிக் தடுப்புகளும் நாற்காலிகளும் பற்றி, நிமிடங்களில் தளம் தளமாகத் தீ ஏறியது. ஒரு பயணி புகையில் மூச்சுத் திணறி இறந்தார். அணைக்காமல் எறிந்த சிகரெட்தான் காரணமாக இருக்கக்கூடும் என்றது விசாரணை. அதன்பின் பால்கனிப் பொருள்களுக்கான சர்வதேசத் தீப்பாதுகாப்பு விதிகள் இறுகின. 2014இல் ராயல் கரீபியன், கார்னிவல் ஆகிய கப்பல் கம்பெனிகள் இரண்டும் பால்கனியில் புகைப்பதைத் தடை செய்தன. கேபினிலோ பால்கனியிலோ பிடிபட்டால் நூற்றுக்கணக்கான டாலர் பில்லில் ஏறும்.

முழுக்கப் புகையே இல்லாத கப்பலையும் ஒருமுறை விட்டுப் பார்த்தார்கள். 1998இல் வந்த கார்னிவலின் 'பாரடைஸ்' கப்பலில் யாரும், எங்கும் புகைக்கக் கூடாது. மீறினால் 250 டாலர் அபராதம். அதோடு அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடுவார்கள், ஊர் திரும்பும் செலவு பயணியுடையது. 2004இல் அந்த விதியைக் கைவிட்டார்கள். நிபந்தனை கறாராகத்தான் இருந்தது. புகைப்பவர்கள் வராவிட்டால் மது, கேசினோ வருமானம் குறையும், அந்த வருமானம் இல்லாமல் கப்பல் ஓட்ட முடியாது என்பதுதான் சிக்கல் என்பேன்.

நம் நாட்டு விதி இந்த விஷயத்தில் வியக்கத்தக்க அளவுக்கு இயற்பியல் தெரிந்தது. 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்த பொது இடப் புகைத்தடை விதிகளின்படி, புகைப்பதற்கென ஒதுக்கும் இடத்துக்கு நான்கு பக்கமும் கூரை வரை சுவர் வேண்டும். தானாக மூடிக்கொள்ளும் கதவு வேண்டும். அங்கே உள்ள காற்று திரும்பக் கட்டடத்துக்குள் சுழலாமல் வெளியேற வேண்டும். உள்ளே காற்றழுத்தம் கட்டடத்தின் மற்ற பகுதிகளைவிடக் குறைவாக இருக்க வேண்டும். அந்தக் கடைசி நிபந்தனைதான் முக்கியம். அழுத்தம் குறைவாக இருந்தால் கதவைத் திறக்கும்போதும் காற்று உள்ளே போகும், வெளியே வராது. விடுதிகளில் 30 அறைகள் இருந்தால்தான் புகைக்கும் அறைகளை ஒதுக்கலாம். அவையும் தனித் தளமாகவோ தனிப் பகுதியாகவோ ஒன்றாக இருக்க வேண்டும். ஏற்காட்டின் சிறு விடுதிகளுக்கும் காட்டேஜ்களுக்கும் அந்தச் சலுகையே இல்லை. தனித்தனி அறைகளை அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒதுக்குவதும் செல்லாது. மீறிப் புகைத்தவருக்கு அபராதம் 200 ரூபாய் வரை. நடுக்கடலில் இந்த விதி பெரும்பாலும் துணைக்கு வராது. கப்பல் எந்த நாட்டில் பதிவானதோ அந்த நாட்டுச் சட்டமும் கம்பெனியின் விதியும்தான் அங்கே பேசும்.

நாற்றம்தானே, சகித்துக்கொள்ளலாமே என்பவர்களுக்கு இரண்டு ஆய்வுகள். ஜப்பானில் ஹிராயாமா என்ற ஆய்வாளர், புகைக்காத 91,540 மனைவிமாரைப் பதினான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1981இல் முடிவை வெளியிட்டார். கணவர் தினம் ஒரு பாக்கெட்டோ அதற்கு மேலோ புகைத்த வீடுகளில், நுரையீரல் புற்றுநோயில் மனைவி இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. அதே நாட்டில் 2001இல் வெளியான இன்னோர் ஆய்வில், புகைக்காத இளைஞர்களைப் புகைக்கும் அறையில் அரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். தேவைப்படும்போது இதயத் தமனி இரத்த ஓட்டத்தைக் கூட்டும் திறன், அந்த அரை மணி நேரத்திலேயே வழக்கமாகப் புகைப்பவர்களின் அளவுக்கு இறங்கிவிட்டது. ஆஸ்துமாக் குழந்தையோடு பயணம் செய்கிறவருக்கு ஆய்வே தேவையில்லை, ஓர் இரவு போதும்.

கப்பலில் கேபின் எடுக்கும்போது விலைப்பட்டியலோடு தளப்படத்தையும் கேட்டு வாங்க வேண்டும். அதில் புகைக்க அனுமதித்த இடங்கள் குறிக்கப்பட்டிருக்கும். கேசினோவுக்கு நேர் மேலும், அது திறக்கும் படிக்கட்டின் ஓரமும் வேண்டாம். திறந்த தளத்தில் புகைக்கும் மூலைக்குப் பின்பக்கத்தைவிட முன்பக்கம் நல்லது, ஏனென்றால் ஓடும் கப்பலில் புகை பின்னோக்கிப் போகும். கேபினுக்குள் புகை வந்துவிட்டால் பால்கனிக் கதவைத் திறப்பதற்கு முன் வெளியே ஒருமுறை முகர்ந்து பார்க்க வேண்டும்; புகை பால்கனியிலிருந்து வருகிறதென்றால் கதவு மூடியே இருக்கட்டும், நடைபாதையிலிருந்து என்றால் திறக்கலாம். வாசலில் ஈரத் துண்டு இங்கேயும் உதவும். வாடை நிற்காவிட்டால் கேபினை மாற்றித் தரச் சொல்லி முதல் இரவே கேட்பது நல்லது, காலி கேபின்கள் அடுத்த நாள் இருக்கும் என்று சொல்ல முடியாது. துறைமுகத்தில் நிற்கும் கப்பலுக்கு முன்பக்கம், பின்பக்கக் கணக்கு செல்லாது. அப்போது கப்பலின் கொடி எந்தப் பக்கம் பறக்கிறதோ, அதற்கு எதிர்ப்பக்கமாக நாற்காலியைப் போட்டுக்கொள்ள வேண்டும்.