கெட்டியான கத்தியும் தாங்கும் கத்தியும்

சாணை பிடிப்பதைத் தொழிலாகக் கொண்ட என்னிடம், எஃகுக் கத்திகளோடு வெள்ளை நிறப் பீங்கான் கத்திகளும் இப்போது அடிக்கடி வருகின்றன. அண்மையில் ஓர் அம்மையார் கொண்டுவந்த கத்தியின் நுனி அரை அங்குல அளவுக்கு முறிந்திருந்தது. வெட்டுவாயை உருப்பெருக்கியில் பார்த்தபோது, பிறை வடிவில் ஏழெட்டு இடங்களில் சில்லு பெயர்ந்திருந்தது. "இரும்பைவிடக் கெட்டி என்று சொல்லித்தானே விற்றார்கள்?" என்றார். விற்றவர் பொய் சொல்லவில்லை.

இவ்வகை அலகுகள் சிர்கோனியம் ஆக்சைடுத் தூளை அச்சில் அழுத்திச் சுட்டுச் செய்யப்படுபவை. பல் மருத்துவர்கள் பல்லின் மேல் பொருத்தும் வெள்ளை உறைகளில் ஒரு வகையும் இதே பொருள்தான். விக்கர்ஸ் அளவையில் இதன் கடினத்தன்மை ஏறத்தாழ 1200. வீட்டுக்கு வாங்கும் நல்ல எஃகுக் கத்தியோ, கத்திகளுக்கு வழக்கமாகச் சொல்லும் ராக்வெல் என்ற கடின அளவையில் 55 முதல் 58 வரை, அதாவது விக்கர்ஸ் கணக்கில் 600 முதல் 650 வரைதான் இருக்கும். எனவே பீங்கான் மெதுவாகத் தேயும், எலுமிச்சையும் புளியும் பட்டாலும் துருப்பிடிக்காது. ஆனால் கடினத்தன்மை என்பது கீறலையும் தேய்மானத்தையும் எதிர்க்கும் குணமே தவிர, அடியையும் வளைவையும் தாங்கும் குணம் அன்று. எஃகின் வெட்டுவாய் எலும்பில் பட்டால் பெரும்பாலும் மடங்கும், அதைத் தீட்டுகோலில் நாலு இழுப்பு இழுத்து நிமிர்த்திவிடலாம். பீங்கானுக்கு மடங்கத் தெரியாது.

எஃகிலும் இதே இழுபறி உண்டு. 60 ராக்வெல்லுக்கு மேல் கடினமேற்றிய ஜப்பானியக் கத்திகள் மீனை மெல்லிய துண்டுகளாகச் சீவும், ஆனால் ஆட்டெலும்பில் வைத்தால் அவற்றின் வாயும் பொரிந்துவிடும். லாரி ஸ்பிரிங் பட்டையில் அரிவாள் அடிக்கும் நம் கொல்லர்கள் வாய்ப்பகுதிக்கு மட்டும் தோய்ச்சல் கொடுத்து, அதாவது காய்ச்சிச் சட்டெனக் குளிர்வித்துக் கடினமாக்கி, முதுகை மிருதுவாக விட்டுவைப்பதன் காரணம் இதுவே. அந்தப் பதத்தை, தண்ணீர் தொடாமல் மின்சாணையில் அழுத்திப் பிடித்து ஒரே நிமிடத்தில் கெடுத்துவிடலாம். ஓரம் நீலம் பாய்ந்தால், சூடு 300 டிகிரியை எட்டி அந்த இடம் மிருதுவாகிவிட்டது என்று பொருள்.

பீங்கானுக்குச் சாதாரண சாணைக்கல் உதவாது, வைரத் தகடு வேண்டும். கடைகளில் விற்கும், கத்தியை இடையில் விட்டு இழுக்கும் கார்பைடு தீட்டியில் அதைக் கொடுத்தால் இருக்கிற வாயும் பெயர்ந்துவிடும்.

அந்த அம்மையார் கத்தியின் நுனியால் சிரட்டையிலிருந்து தேங்காயை நெம்பியிருக்கிறார். முறிந்த நுனி சிரட்டையிலேயே சிக்கிக் கிடைத்துவிட்டது. வாயிலிருந்து பெயர்ந்த சில்லுகள் எங்கே என்று நான் கேட்டபோதுதான், வெள்ளைத் தேங்காயோடு சேர்ந்து அவை சட்னிக்குள் போயிருக்கலாம் என்பது அவருக்கு உறைத்தது. கத்தியை ஒரு மணி நேரம் தேய்த்து நேராக்கிக் கொடுத்தேன். பழத்துக்கும் எலும்பில்லாத இறைச்சிக்கும் மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லி, தேங்காய்க்கு அவருடைய பழைய எஃகுக் கத்தியையே தீட்டித் தந்தேன்.