ஸ்கிசோஃப்ரினியா: பிளவா, சிதைவா?

ஸ்கிசோஃப்ரினியா என்ற மனநோயின் பெயரைக் கேட்டதும் பலருக்கு நினைவுக்கு வருவது சினிமா காட்டிய ஆள்: பகலில் சாது, இரவில் கொலைகாரன். அது இந்த நோயே இல்லை. ஒருவருக்குள் பல ஆளுமைகள் மாறிமாறித் தலைகாட்டுவது வேறொரு கோளாறு. மருத்துவத்தில் அதற்குத் தனிப் பெயர் உண்டு. குழப்பத்தின் வேர் சொல்லுக்குள்ளேயே கிடக்கிறது.

கிரேக்கத்தில் 'ஸ்கிட்ஸேய்ன்' என்றால் பிளத்தல். 'ஃப்ரென்' என்றால் மனம். மனம் ஆவதற்கு முன்னால் ஃப்ரென் ஓர் உறுப்பு. மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தை அப்படி அழைத்தார்கள். எண்ணமும் உணர்வும் அந்தப் பக்கத்தில்தான் குடியிருப்பதாக நம்பினார்கள். நமக்கு இது வியப்பாக இருக்காது. 'நெஞ்சு வலிக்கிறது' என்றால் மார்பு, 'நெஞ்சறியப் பொய் சொன்னான்' என்றால் மனம். உதரவிதானத்தை இயக்கும் நரம்புக்கு இன்றைக்கும் ஃப்ரெனிக் என்றே பெயர்.

இந்த இரண்டு சொற்களையும் ஒட்டவைத்தவர் சூரிக் புர்க்ஹோல்ட்ஸ்லி மனநல மருத்துவமனையின் இயக்குநர் ஆய்கன் ப்ளாய்லர். 1908 ஏப்ரலில் பெர்லினில் ஆற்றிய உரையில் சொல்லை அறிமுகப்படுத்தினார். 1911-ல் தனி நூலாகவே எழுதினார். அதுவரை வழங்கிய பெயர் 'டிமென்ஷியா பிரீகாக்ஸ்', அதாவது இளமையிலேயே வரும் அறிவுச்சிதைவு. அதை வகைப்படுத்தி நிலைநாட்டியவர் ஜெர்மன் மனநல மருத்துவர் எமில் கிரேப்பலின். ப்ளாய்லரின் மறுப்பு எளிமையானது: எல்லோருக்கும் இளமையிலேயே வருவதில்லை, எல்லோருக்கும் அறிவு சிதைந்துபோவதும் இல்லை. பிறகு ஏன் அந்தப் பெயர்?

அவர் சொன்ன பிளவு, ஆள் இரண்டாகப் பிரிவது அல்ல. எண்ணம், உணர்ச்சி, செயல் ஆகியவற்றைச் சேர்த்துக் கட்டியிருக்கும் கயிறு தளர்வதைத்தான் சொன்னார். பேச்சில் அது எப்படித் தெரியும்? 'மணி என்ன?' என்று கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 'மணி பள்ளிக்கூடத்தில் அடிக்கும், அடித்தால் வலிக்கும், வலிக்கு மாத்திரை வாங்க அண்ணன் போனான்' என்று பதில் வருகிறது. ஒவ்வொரு சொல்லும் அடுத்த சொல்லைக் கையைப் பிடித்து இழுத்துப் போகிறது. கேள்வி மட்டும் வழியில் தொலைந்துவிட்டது. எல்லா நோயாளிகளிடமும் இதைக் காண முடியாது. யாரும் பேசாதபோது குரல் கேட்பது, யாரோ தன்னைப் பின்தொடர்வதாக அசைக்க முடியாமல் நம்புவது, முகத்தில் உணர்ச்சி வற்றிப்போவது, எதிலும் நாட்டமின்றி ஒடுங்குவது என்று அறிகுறிகள் பலவிதம். ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ மட்டும் வைத்து இதை உறுதிசெய்ய முடியாது. பேசிப் பார்த்து, காலம் கணித்துத்தான் முடிவு. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2013 கையேட்டின்படி பாதிப்பின் அடையாளங்கள் குறைந்தது 6 மாதம் தொடர்ந்திருக்க வேண்டும்.

இனி தமிழுக்கு வருவோம். 'மனப்பிளவு', 'உளப்பிளவு' என்பவை சொல்லுக்குச் சொல் பெயர்ப்புகள்; இரட்டை ஆள் என்ற பழைய குழப்பத்தையும் கூடவே கூட்டிவருகின்றன. நிலைத்துவிட்டது 'மனச்சிதைவு'. எனக்கு அதில் ஒரு நெருடல் உண்டு. கருச்சிதைவு, பற்சிதைவு என்று சிதைவு ஒட்டிய சொற்களைப் பாருங்கள்: போனது போனதுதான், திரும்பாது. பிணம் எரிக்கும் விறகடுக்குக்கும் சிதை என்றுதான் பெயர். ப்ளாய்லரின் சொல்லைப் பெயர்க்கப் போய், அவர் வேண்டாமென்று ஒதுக்கிய கிரேப்பலினின் சொல்லையல்லவா நாம் தமிழில் வைத்திருக்கிறோம்!

'போனது திரும்பாது' என்ற அந்தப் பொருள் உண்மையும் அல்ல. 1952-ல் பாரிஸில் மனநல மருத்துவர்கள் டிலேயும் டெனிக்கரும் குளோர்புரோமசைன் என்ற மருந்தைப் பயன்படுத்தத் தொடங்கியதிலிருந்து சிகிச்சையின் போக்கே மாறியது. முந்தைய மருந்துகளுக்கு மசியாத 268 பேரிடம் நடந்து 1988-ல் வெளியான ஆய்வில், குளோசபின் என்ற வேறொரு மருந்துக்கு 30 சதவீதம் பேர் தேறினார்கள், குளோர்புரோமசைனுக்கு 4 சதவீதம் பேரே. (குளோசபின் எடுப்பவர்களுக்கு வெள்ளையணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறையலாம், ஆகவே ரத்தப் பரிசோதனை கட்டாயம்.)

பெயர் வெறும் பெயர்தானே என்பவர்களுக்கு ஜப்பான் ஒரு பதில் வைத்திருக்கிறது. அங்கும் முதலில் 'மனம் பிளந்த நோய்' என்றே சொன்னார்கள். நோயாளிகளின் குடும்பத்தினர் 1993-ல் பெயரை மாற்றக் கேட்டார்கள். 2002-ல் 'ஒருங்கிணைவுக் கோளாறு' என்ற பொருள்படும் பெயர் வந்தது. அதற்கு முன்பு நோயின் பெயரை நோயாளியிடமே சொல்ல மருத்துவர்கள் தயங்கினார்கள். 2002-ல் 36.7 சதவீத நோயாளிகளுக்கே பெயர் சொல்லப்பட்டது. 2004-ல் அது 69.7 சதவீதம். மருந்து மாறவில்லை, சொல் மாறியது.

அடுத்த சுமார் பத்தாண்டில் தென்கொரியாவும் மாற்றியது. அவர்கள் எடுத்த சொல்லின் பொருள், கருவியின் தந்தியை இழுத்துச் சுருதி சேர்த்தல். தந்தி தளர்ந்திருக்கிறது, மறுபடி கூட்டலாம் என்பது கருத்து. இதைப் படித்தபோது எனக்குப் பொறாமையாகவே இருந்தது, ஏனென்றால் இந்த உவமை தமிழில் இன்னும் கச்சிதமாக உட்காரும். யாழின் தந்திக்கும் உடலின் நரம்புக்கும் நம்மிடம் ஒரே சொல்: நரம்பு. இசை என்றால் சங்கீதம். இசைந்து போவதும் அதே வேர்தான். 'மன இசைவுக் கோளாறு' என்றால் என்ன குறை? பிளவும் இல்லை, சிதையும் இல்லை. ப்ளாய்லர் சொன்ன தளர்ந்த கயிறு மட்டும் இருக்கிறது.

ஆனால் இது என் முன்மொழிவுதான். இன்றைக்கு மருத்துவமனைச் சீட்டிலும் நாளிதழிலும் 'மனச்சிதைவு' என்றே பார்ப்பீர்கள். தேடுபவர் கண்ணில் பட வேண்டுமானால் அதையே எழுதுவது நல்லது. எழுதும்போது 'மனச்சிதைவு நோயாளி' என்று ஆளையே நோயாக்காமல் 'மனச்சிதைவு உள்ளவர்' என்று எழுதலாம். 'பைத்தியம்' மட்டும் வேண்டாம். அது பித்தத்திலிருந்து பிறந்த சொல். இந்த நோயில் பித்தத்துக்கு வேலையே இல்லை.