சொல் விளக்கம்: கால்நடை மருத்துவமனைச் சமூகப் பணியாளர்

'வெட்டர்னரி சோஷியல் வொர்க்கர்' என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் 'கால்நடை மருத்துவச் சமூகப் பணியாளர்' என்று வரும். கேட்டால் தடுப்பூசி முகாமுக்கு ஆள் கூட்டுகிறவர் என்றுதான் தோன்றும். உண்மையில் இவர் மாட்டுக்கு வைத்தியம் பார்ப்பவரே அல்ல. கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிற மனிதருக்காக வருகிறவர்.

இந்தப் பெயரில் ஒரு படிப்பை 2002இல் அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகத்தில் எலிசபெத் ஸ்ட்ராண்ட் தொடங்கினார். வளர்த்த உயிரை இழந்தவருக்குத் துணை நிற்பது, விலங்கின் அருகாமையால் மனிதரைத் தேற்றுவது ஆகியவை இவர்களுடைய வேலை. வீட்டில் விலங்கை அடிக்கிற கை பெண்டாட்டி பிள்ளைகள் மேலும் விழுகிறதா என்று கவனிப்பார்கள். நாள் முழுக்க நோவையும் சாவையும் பார்த்து மனம் ஓய்ந்துபோகும் மருத்துவரையும் கவனிப்பார்கள்.

சரி, வேருக்கு வருவோம். லத்தீனில் 'வெட்டரீனே' என்றால் சுமை இழுக்கும் விலங்குகள். 'சோஷியல்' என்பதன் அடியில் இருப்பது 'சோசியுஸ்', அதாவது கூட்டாளி, துணை. நம் 'கால்நடை' காலால் நடப்பதைச் சொல்கிறது. வேளாங்கண்ணிக்குக் கால்நடையாகப் போனார் என்கிறோமே, அதே சொல்தான். 'மாடு' இன்னும் ஆழமானது. அதற்குச் செல்வம் என்றும் பொருள். கல்வியே அழியாத செல்வம், மற்றவை 'மாடல்ல' என்கிறது குறள். டெல்டாவில் இதற்கு அகராதி வேண்டாம். மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறக்காமல் போன வருஷங்களில் பால் காசுதான் பல வீடுகளில் உலையேற்றியது.

எங்கள் அத்தை வீட்டுப் பசு கன்று போட்ட மூன்றாம் நாள் படுத்துவிட்டது. டாக்டர் வந்தார், மருந்து ஏற்றினார், பிழைக்கவில்லை. "இன்சூரன்ஸுக்குக் காதில் மாட்டிய எண் வில்லை வேண்டும், காதோடு அறுத்து வைங்கம்மா" என்றார். பக்கத்து ஊரில் கன்று திரும்பிக் கிடந்த இன்னொரு பசு காத்திருந்ததால் உடனே கிளம்பிவிட்டார். அவர்மேல் குறையில்லை. ஆனால் அத்தை அருவாமனையை எடுத்து வந்து, அந்தக் காதை இடது கையில் பிடித்தபடி வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். கன்று கத்திக்கொண்டிருந்தது. மாட்டை விற்றால்கூடக் கயிற்றைக் கொடுக்காத ஊர் எங்களுடையது. அங்கே காதை அறு என்றால் யார் அறுப்பது? கடைசியில் நான்தான் அறுத்தேன். அந்த நேரத்தில் கூட இருந்து வில்லையை எடுத்துக் கொடுக்க, மனுவை எழுத, குழுக்கடன் தவணைக்கு யாரிடம் பேசுவது என்று சொல்ல, அப்புறம் இரண்டு நாள் கழித்து வந்து பார்க்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்குத்தான் இந்தப் பெயர்.

2018 நவம்பர் 16இல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது ஆடுமாடுகள் ஏராளமாகச் செத்தன. அந்த வட்டார நாட்டு இனமான உம்பளச்சேரி மாடு வைத்திருந்தவர்களும் அந்தச் சீமையில் உண்டு. செத்ததை எண்ணி நிவாரணம் கொடுப்பது ஒரு வேலை. தொழுவம் வெறிச்சோடிப் போனவரோடு உட்காருவது வேறு வேலை. அதற்குப் பழகியவர்கள் வேண்டும் என்று நான் மனதார நம்புகிறேன். ஒரத்தநாட்டிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே இதையும் ஒரு பாடமாக வைக்கலாம்.

தமிழில் எப்படிச் சொல்வது? 'சமூக சேவகர்' வேண்டாம். அது மனமுவந்து செய்யும் தொண்டைக் குறிக்கும். இவரோ படித்துச் சம்பளம் வாங்குபவர். 'ஆதரவாளர்' என்றால் கட்சிக்காரர் நினைவுக்கு வருவார். 'துணைவர்' கணவன் மனைவிக்குப் போய்விட்டது. என் தேர்வு 'கால்நடை மருத்துவமனைச் சமூகப் பணியாளர்'. ஒரு 'மனை' சேர்ந்ததும் மருத்துவம் பார்ப்பவர் என்ற மயக்கம் விலகி, அந்த இடத்துக்கு வருகிற மனிதருக்கானவர் என்பது தெளிகிறது. மருத்துவரும் அதற்குள் அடங்குகிறார். நாய், பூனைக்கு மட்டுமான இடமென்றால் கால்நடைக்குப் பதில் 'செல்லப்பிராணி' போடலாம். நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன். பேச்சில் 'மாட்டாஸ்பத்திரி ஆதரவுப் பணியாளர்' என்றால் அத்தைக்கும் புரியும்.