கள மதிப்பீடா, விலைமதிப்பா?

இணையதளத்துக்குப் போக நாம் தட்டும் வாய்ஸ்.காம் போன்ற பெயர்தான் டொமைன் பெயர். அது என்ன விலை போகும் என்று கணிப்பதைக் 'கள மதிப்பீடு' என்று எழுதுகிறார்கள். படிப்பவருக்கு யாரோ வெயிலில் நின்று நிலத்தை அளப்பதுபோலத்தான் தோன்றும்.

டொமைன், லத்தீன் வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். ஒருவரின் ஆட்சிக்கு உட்பட்ட பரப்பு என்று பொருள். 1983-இல் கணினி அறிவியலாளர் பால் மொக்கபெட்ரிஸ் இணையத்துக்கு வகுத்த பெயர் முறைமையிலும் ஏறக்குறைய அதே பொருள்தான்.

'களம்' என்று மட்டும் சொன்னால் அந்த ஆட்சி காணாமல் போகிறது. போர்க்களம், ஆடுகளம், களப்பணி எல்லாமே ஏதோ ஒன்று நடக்கும் இடங்கள். டொமைனுக்கு விலை வருவதோ ஒரு பெயரை ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே வைத்திருக்க முடியும் என்பதால். 2019-இல் வாய்ஸ்.காம் 3 கோடி டாலருக்குக் கைமாறியது அதனால்தான். விலைக்குக் காரணமானதையே விட்டுவிட்ட சொல்லை வைத்துக்கொண்டு விலையைப் பேசினால் எப்படி?

'ஆள்களப் பெயர்' இருக்கிறதே, அதை எடுத்துக்கொள்ளலாம். ஆட்களம் என்றல்லவா புணரும் என்று கேட்பார்கள். இங்கே ஆள் என்பது மனிதர் அல்ல, ஆளுதல். கொள்கலன் போல வினைத்தொகை, அதனால் ளகரம் திரியாது. ஆண்ட களம், ஆளுகிற களம், ஆளும் களம் என முக்காலமும் அதில் அடங்கும். புதுப்பிக்காமல் விட்டால் கைவிட்டுப் போகும் பெயருக்கு இது எத்தனை பொருத்தம்! 'இணைய முகவரி' என்பவர்களுக்கு ஒன்று: பெயருக்குப் பின்னால் இருக்கும் கணினியின் எண் முகவரி மாறினாலும் பெயர் மாறாது. அதற்காகத்தானே பெயரே வைத்தார்கள்?

அடுத்தது 'மதிப்பீடு'. விடைத்தாளுக்கும் அதே சொல், ஊழியரின் வேலைக்கும் அதே சொல். பணக்கணக்கு என்றால் 'விலைமதிப்பு' என்று சொல்லிவிடலாமே. டொமைன் விலையைக் கணிக்கும் தானியங்கிக் கருவி காட்டும் தொகையை 'உண்மை மதிப்பு' என்று பெயர்ப்பது இன்னும் மோசம். பெயரின் நீளம், டாட் காம் போன்ற பின்னொட்டு, ஒத்த பெயர்கள் முன்பு விற்ற விலை இவற்றை வைத்துச் சொல்லும் ஊகம் அது. அதே பெயர்தான் வேண்டும் என்று ஒருவர் வந்து நின்றால் அந்தத் தொகை எங்கேயோ போய்விடும். யாரும் வராவிட்டால் புதுப்பிப்புக் கட்டணம்கூடத் தேறாது.

ஆள்களம் வாயில் நுழையவில்லை என்றால் டொமைன் என்றே எழுதுங்கள், சரி. கடன்சொல் பொருளைக் குழப்புவதில்லை. அரைகுறைத் தமிழாக்கம் குழப்பும். அப்புறம், 'டொமைனைச் சொந்தமாக வாங்கினார்' என்றும் எழுத வேண்டாம். டாட் காம் பெயரை ஒரே தடவையில் அதிகபட்சம் 10 ஆண்டுகளுக்குத்தான் பதிய முடியும்.